ஞானமேரி எழுதிய ஒரு வரி

ஞானமேரிக்கு ஜப்பான் மொழி தெரியும் என்பது புதுச்சேரியில் மூன்று வருஷம் யாருக்கும் தெரியாது. அவள் தெரியவிடவில்லை. 1955இல் சைகோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவள், வேலைக்கு மனுப்போட்ட இடத்திலெல்லாம் பிரெஞ்சு, தமிழ், டைப் என்று மூன்றை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

சைகோனில் அவள் கணவன் லூயிஸ் பிரெஞ்சுப் போலீசில் இருந்தான். யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் ஊருக்குள் வந்து உட்கார்ந்தபோது, அரிசி ஏற்றுமதி செய்த ஜப்பான் கம்பெனி ஒன்றில் அவளுக்கு டைப் வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் அவர்களுடைய எழுத்தைப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டாள். 1945 மார்ச்சில் ஜப்பான் படை பிரெஞ்சு அரசாங்கத்தைக் கவிழ்த்தது. லூயிஸை மற்ற போலீஸ்காரர்களோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. அவனைப் பற்றிக் கேட்கப் போனபோது, கம்பெனி அதிகாரி எழுந்து நின்று இடுப்புவரை குனிந்து, தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்றார். அந்தக் குனிவை நினைத்தால் இன்னமும் அவள் பல்லைக் கடிப்பாள். அதோடு அந்த மொழியைத் தலைமுழுகிவிட்டாள்.

வில்லியனூர் ரோட்டில், மூலக்குளத்துக்கு இப்பால், தணிகாசலம் மில் என்று ஒரு சின்ன நெசவாலை. அங்கேதான் அவளுக்கு வேலை. 1958இல் ஜப்பானிலிருந்து பத்துத் தறிகள் வந்தன. அவற்றை நிறுவிக் கொடுக்க மொரிட்டா என்ற மெக்கானிக்கும் வந்தான். ஒருநாள் ஆபீசில் ஏதோ காகிதம் கேட்டு, அவனுடைய இங்கிலீஷ் யாருக்கும் புரியாமல், "அந்த நீலக் கட்டுக்கு அடியில்தானே இருக்கிறது" என்று தன் மொழியில் முணுமுணுத்தான். ஞானமேரியின் கை தானாக நீலக் கட்டுக்குப் போய்விட்டது.

மேனேஜர் சக்கரபாணி பார்த்துவிட்டார்.

"உனக்கு அவுங்க பாஷை தெரியுமா? இத்தினி நாளா சொல்லவே இல்லியே!"

"எனக்கு அது வேணாம் முசே" என்றாள் பிரெஞ்சு மரியாதையோடு.

"வேணாமா? அப்ப வேற மில்லு பாத்துக்க."

வேறு மில் எங்கே இருக்கிறது? அன்றிலிருந்து அவள்தான் துபாஷி. மொரிட்டா சாது மனிதன். பேசும்போதெல்லாம் லேசாகக் குனிவான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள்.

தறிகள் ஓட ஆரம்பித்த இரண்டாவது மாதம், கலியபெருமாள் என்ற நெசவாளியின் வலது கை பல்சக்கரத்தில் சிக்கி இரண்டு விரல்கள் போயின. சக்கரத்துக்கு மேலே இருந்த தகர மூடியைக் கழற்றி வைக்கச் சொன்னது சக்கரபாணி. மூடி இருந்தால் தறியைத் துடைக்க நேரமாகிறதாம். மொரிட்டா தறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஊருக்குக் கிளம்பும் முன் ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதி வைத்துவிட்டுப் போனான். ஞானமேரி அதைத் தமிழில் எழுதினாள். அந்த எழுத்தைப் பார்க்கவே அவளுக்கு வயிறு எரிந்தது. சீக்கிரம் தொலைந்தால் போதும் என்று கால்மணி நேரத்தில் முடித்து, மேனேஜர் மேசையில் வீசிவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து மில்லிலேயே விசாரணை நடந்தது. தொழில் இலாகா அதிகாரி அரிகிருஷ்ணன் வந்திருந்தார். கலியபெருமாள் கட்டுப்போட்ட கையோடு ஓரமாக நின்றான். அவன் மனைவி அஞ்சலாட்சி கேட்டுக்கு வெளியே. விசாரணையில் நடப்பதை ஞானமேரி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சக்கரபாணி அவள் எழுதிய தாளை எடுத்து நிறுத்தி வாசித்தார்.

"'கம்பெனியைப் பார்க்க, தொழிலாளிக்குப் பொறுப்பில்லை.' ஜப்பான்காரனே எழுதியிருக்கான் சார். கம்பெனி மேல இவனுக்குப் பொறுப்பே கெடையாதுன்னு. அஜாக்கிரதைக்காரன். அதான் டிஸ்மிஸ் பண்ணிட்டோம்."

ஞானமேரியின் விரல்கள் டைப் மிஷின்மேல் அப்படியே நின்றன. பிறகு எழுந்தாள்.

"நான் எழுதுனது அது இல்ல."

"நீ உக்காரும்மா."

"உக்கார மாட்டேன். அவனப் பாக்க இவன் நல்லவன்னு சொல்றதில்ல? அந்தப் 'பாக்க' சார் அது. பொறுப்புன்னா இங்க குத்தத்துக்குப் பொறுப்பு. கம்பெனி மேல தப்பு, இவர் மேல தப்பு இல்ல. அதான் அர்த்தம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "மூலத்துல என்னா எழுதியிருக்கு?"

"'நி தைஷிதே'ன்னு ஒரு சொல்லு சார். ஒண்ண நோக்கின்னும் வரும், ஒண்ணுக்கு மாறான்னும் வரும். கூட என்னா வருதுன்னு பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும். இந்த எடத்துல மாறாங்கிறதுதான். கம்பெனி மாதிரி இல்ல, இவர் மேல குத்தமில்லன்னு."

சக்கரபாணி சிரித்தார். "ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். இந்தம்மா வேண்டியத எடுத்துக்குது."

"நீங்க எடுத்துக்கல? அந்த ஜப்பான் காயிதத்தக் கொண்டாங்க!"

"மெட்ராஸ்ல தறி ஏஜெண்டுக்கு அனுப்பியாச்சு."

"பொய்! ஒங்க மேசையில எடது டிராயர்ல இருக்கு. முந்தாநாளு நானே பாத்தேன்."

"சாவி வீட்டுல இருக்கு" என்றார் சக்கரபாணி, அதிகாரியைப் பார்த்து, சாவதானமாக.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "எழுத்துல ஆதாரம் இருந்தா குடுங்கம்மா. ரெண்டு மாசம் டைம் தரேன்" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கேட்டுக்கு வெளியே அஞ்சலாட்சி அவளை மறித்தாள். உள்ளே நடந்ததை யாரோ அரைகுறையாகச் சொல்லியிருந்தார்கள்.

"நீதான எழுதுன? பொறுப்பில்லாதவன்னு என் ஊட்டுக்காரர எழுதுனது நீதான? அது அவரு சோறு திங்கிற கை. ஒனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு?"

ஞானமேரி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நான்தான் எழுதினேன் என்பது உண்மைதானே?

வீடுவரை வெயிலில் நடந்தே போனாள். சக்கரபாணியை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனவள், பாதி வழியில் தன்னைத் திட்ட ஆரம்பித்தாள். 'குற்றம் கம்பெனியுடையது, தொழிலாளியுடையது அல்ல.' இப்படி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து நிமிஷம் கூடுதலாக அந்த எழுத்தைப் பார்த்திருக்கலாம். பதின்மூன்று வருஷத்துக் கோபத்தை அந்தத் தாளின்மேல் காட்டினாள். அடி பட்டது கலியபெருமாளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பேனாவை எடுத்தாள். மொரிட்டாவின் ஒசாகா விலாசம் அவளிடம் இருந்தது. படித்தால் தெரிந்த எழுத்துகள் எழுதும்போது பாதி மறந்திருந்தன. மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டாள். ஜப்பானியக் கடிதம் என்றால் பருவத்தைச் சொல்லி, நலம் விசாரித்து, பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். அவள் ஒன்றையும் விசாரிக்கவில்லை. "உம்முடைய வரி ஒருவனைத் தெருவில் நிறுத்தியிருக்கிறது. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு அர்த்தம் வராதபடி எழுதி அனுப்பும்" என்று ஆரம்பித்து, நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

ஏழாவது வாரம் பதில் வந்தது. உறையை அவசரமாகக் கிழித்தாள். தறியின் படம் போட்டு, மூடி எங்கே இருந்தது, எத்தனை திருகாணி, தான் மாட்டிக் கொடுத்த தேதி என்ன என்று எழுதியிருந்தான். அடியில் தறி செய்த கம்பெனியின் முத்திரையோடு ஆங்கிலத்திலும் ஒரு தாள். நடுவில் இரண்டே வாக்கியம்: "தொழிலாளிமீது குற்றமில்லை. குற்றம் மில் கம்பெனியுடையது."

"இத அன்னிக்கே எழுதித் தொலச்சிருக்கக் கூடாதா, பாவி!" என்று தனியாக இருந்த வீட்டில் கத்தினாள் ஞானமேரி. கடைசியில் ஒரு வரி இருந்தது. உங்கள் மொழிபெயர்ப்பில் பிழையில்லை, பிழை என் வாக்கியத்தில் என்று. அதைப் படித்ததும் கோபம் இன்னும் ஏறியது. அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் லீவு சொல்லாமல் தொழில் இலாகா ஆபீசுக்குப் போனாள். அரிகிருஷ்ணன் ஆங்கிலத் தாளை இரண்டு முறை படித்தார். இந்தத் தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாதம் முடியுமுன் டிஸ்மிஸ் ரத்தானது. கலியபெருமாளுக்குத் துணி மடிக்கும் பகுதியில் வேலை. பத்துத் தறிக்கும் மூடி போடச் சொல்லி உத்தரவு. சக்கரபாணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஞானமேரியை நூல் கிடங்குக்கு மாற்றினார்.

"டைப் மிஷின் இல்லாத எடத்துல நான் என்னா பண்ணுவேன்?"

"நூலப் பாரு."

அவள் மாற்றல் காகிதத்தை நாலாகக் கிழித்து அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். மூன்று வாரம் அலைந்து, ஒரு வக்கீல் ஆபீசில் சேர்ந்தாள். டைப் அடிக்க வந்த காகிதங்களில் ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வக்கீலிடமே திருப்பி அனுப்பினாள். எரிச்சல் பட்டாலும் அவர் அவளை விடவில்லை.

ஒரு சாயங்காலம் அஞ்சலாட்சி அவள் வீடு தேடி வந்து வாசலில் தயங்கி நின்றாள்.

"அன்னிக்கி கோவத்துல பேசிட்டேன்க்கா. மனசுல வச்சிக்காத."

"நீ கேட்டது நாயமான கேள்வி" என்றாள் ஞானமேரி. குரலில் இன்னும் கடுப்பு இருந்தது. "அத வாபஸ் வாங்காத. உள்ள வா."