என் குரல் இருக்கும் வீடு

மிலானில் நான் பராமரிக்கும் வயதான சின்யோராவுக்கு மதியச் சூப்பு ஊட்டும் வேளையில், கற்பிட்டிக் கரையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து அழைப்பு வரும்; போனை ஸ்பீக்கரில் போடுவேன். அம்மா பேசத் தொடங்குமுன் பின்னால் ஒரு பெண் குரல் கேட்கும்: "அம்மா, கதவைச் சாத்துங்கோ, காத்தடிக்குது." அது என் குரல். ஊரில் இருந்தபோது நான் சொன்னது, அதே இழுப்போடும் கடைசியில் வரும் சிறு இருமலோடும். சொல்பவன் என் தம்பி ஜூட். முப்பது வயதைத் தாண்டியவன், ஓட்டிசம் உள்ளவன். தானாகக் கதைப்பது அரிது. கேட்டதை அந்தந்த ஆளின் குரலிலேயே திருப்பிச் சொல்வான். முதல் தடவை கேட்டபோது சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "உன் அக்காவா?" என்றார் சின்யோரா. "இல்லை, நான்தான்," என்றேன். தனக்குத்தான் மூளை குழம்புகிறதென்று நினைத்து அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜூட் தன் கையை இரத்தம் வரக் கடிப்பான். தலவிலக் கோயில் திருவிழாவில் வெடிச் சத்தத்துக்கு அவன் தலையை மதிலில் மோதியபோது, ஊரார் பேய் என்றார்கள், நேர்த்தி வைக்கச் சொன்னார்கள். மிலானில் எங்கள் ஆட்கள் சத்துக் குளிசை வாங்கி அனுப்பச் சொன்னார்கள். ஃபார்மச்சியாவில், அந்த மருந்துக்கடையில், நின்ற பெண், "பம்பினோவுக்கு என்ன வயது?" என்றாள், சின்னப் பிள்ளைக்கென்று நினைத்து. வயதைச் சொன்னதும் பிள்ளைகளின் போத்தலைத் திருப்பி வைத்துவிட்டு மீன் எண்ணெயும் மெக்னீசியமும் எடுத்தாள். "இதனால் குணம் மாறுமென்று சொல்ல முடியாது, டாக்டரைக் கேளுங்கள். எந்தப் பழக்கம் மாறவேண்டும்?" கடிப்பதற்கு இத்தாலியச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. "துத்தோ," என்றேன். எல்லாம். மீன் பிடிக்கிற கரைக்கே மீன் எண்ணெய் அனுப்பினேன், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக.

அம்மா எண்ணெய்க் குளிசையை ஊசியால் குத்தி, சீனி தூவிய பாண் துண்டில் விட்டுக் கொடுத்தார். சில கிழமைகளில் கடி குறைந்தது. "அவனும் நித்திரை கொள்றான், நானும் கொள்றன்," என்றார். சந்தோசத்தில் அழுதுவிட்டேன். ஆனால் அழைப்புகளில் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நாளில் அம்மாவின் பேச்சும் சுருங்கியது.

"என்னம்மா?"

"செத்த வீடு மாதிரிக் கிடக்கு, பிள்ளை. உன்ர கதிரையில இருந்து என்னையே பாத்துக்கொண்டிருக்கிறான். வாய் திறக்கிறானில்ல."

குளிசையால் இருக்காது, இப்படியானவர்கள் சிலவேளை தாங்களாகவே அடங்குவதுண்டு என்றாராம் ஆஸ்பத்திரி டாக்டர். அம்மா கேட்கவில்லை. போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

போன கிழமை அழைத்தபோது, அவன் திரும்பவும் கடிக்கத் தொடங்கிவிட்டான் என்று தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. "உங்களுக்கென்ன விசரா அம்மா? குளிசையைக் குடுங்கோ!"

"கடிக்கிறான்தான். நான் மருந்து கட்டுறன்."

அப்போது பின்னால் என் குரல் எழுந்தது: "அம்மா, நான் வந்திட்டன்." எப்போது அதைச் சொன்னேனென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"வாறன் பிள்ளை," என்றார் அம்மா, அந்தப் பக்கம் திரும்பி. பிறகு என்னிடம், மெதுவாக: "நீ போனை வை. உள்ளுக்க இருந்து கூப்பிடுறாய்."