எனக்குப் பதிலாக அக்கா

எங்கள் காப்பி எஸ்டேட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் வேலைக்குப் போவார். காலையில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் பேர் வாசிக்கும்போது, அம்மாவின் பேருக்கு அக்கா "வந்துட்டனுங்க" என்று குரல் கொடுப்பாள். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. ரைட்டருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும். வேலை நின்றுபோகாமல் இருந்தால் எல்லாருக்கும் திருப்தி. உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று எங்கள் மலைக் கிராமமான வாழவந்தியில் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பல்கலைக்கழகம் அந்த உலகத்தில் சேர்த்தி இல்லை என்பது எனக்கு அம்மை போட்டபோதுதான் தெரிந்தது.

மலையடிவாரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் பிளஸ் டூவைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா முந்தின வருஷமே என்னைவிட அதிக மார்க் வாங்கிப் பாஸாகியிருந்தாள். காப்பிப் பழம் பறிக்கிற சீசனுக்கு ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டாள். அவளாக நின்றாள் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். நான் விடியற்காலை பஸ்ஸில் இறங்கிப் போய், இருட்டுவதற்குள் மலையேறி வருவேன். எங்களைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கென்று அங்கே ஓர் உதவி மையம் இருந்தது. ஸ்காலர்ஷிப்புக்கு வழி சொல்வார்கள், ஹாஸ்டலுக்குப் பேசுவார்கள், புரியாத பாடத்தைச் சாயங்காலம் மறுபடி நடத்துவார்கள். அந்த மையத்தைக் கவனித்துக்கொண்ட மேடத்தை நான் தூரத்தில் பார்த்ததோடு சரி. ஆபீஸ் அறை என்றாலே எனக்குக் கால் பின்னால் போகும்.

வகுப்பு தொடங்கிச் சில நாட்களிலேயே அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கை, இளநீர், மோர். வகுப்புக்குப் போகாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று நான் அழுதேன். அப்பா கொஞ்சமும் அசரவில்லை.

"இதுக்கா சாமி அழுவற? பெரியவள அனுப்பறேன். அவளுக்குத்தான் சின்னதுலயே அம்மை வந்து போயிருச்சே. களையெடுப்பு வேல கெடக்குது, அத நானும் உங்கம்மாளும் பாத்துக்கறோம்."

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, என் பையை மாட்டிக்கொண்டு, பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே ரோட்டில் போய் நின்றாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே பாடம் ஆரம்பித்துவிடும். "ஏண்டி, ஒரு எண்ணு அது பாட்டுக்கு இன்னொண்ணுகிட்டக்க கிட்டக்கப் போவுது, ஆனா தொடவே மாட்டேங்குது. அதுக்குப் பேரு லிமிட்டாம். எத்தன அழகா இருக்குது!" எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. அவளுக்கு லிமிட். வேப்பிலையால் தடவிக்கொண்டே, "போதும் போ" என்று கத்துவேன். அவள் கதவோரம் உட்கார்ந்து, அன்றைக்குப் போட்ட கணக்குகளை ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் சோறு தின்னப் போவாள். எனக்கு எரிச்சலும் பொறாமையும் சேர்ந்து வந்தது. என் வகுப்பில் என்னைவிட அவள் சந்தோஷமாக இருந்தாள்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த வாரம் மையத்திலிருந்து போன் வந்தது. அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். எஸ்டேட்டில் ஆபீசுக்குக் கூப்பிட்டால் வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். துணைக்கு இருக்கட்டும் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு இறங்கினோம். என் சீட்டு போய்விட்டது என்றே நான் முடிவுகட்டியிருந்தேன்.

மையத்தில் மேடமும் எங்கள் கணித சாரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். மேடம் அவரை வற்புறுத்தி உட்கார வைத்தார். சார் அக்காவைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் மேடம். கிளாஸ் டெஸ்ட்ல முதல் மார்க். சாயங்காலம் மத்த பிள்ளைகளுக்கு இவளையே சொல்லித்தரச் சொல்லலாம்" என்றார்.

அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அவ பெரியவளுங்க. உங்ககிட்டப் படிக்கறது இந்தச் சின்னவ. இவளுக்கு அம்மை போட்டிருந்துதுங்க, அதனால பதிலுக்குப் பெரியவள அனுப்புனேன். ஏனுங்க, ஒரு நாளாச்சும் ஆளு கொறஞ்சுதுங்களா?"

சாரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "இது ஆள்மாறாட்டம். நான் மேலே எழுதினா இவளுக்குச் சீட்டே இருக்காது" என்றார்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் வருகைப் பதிவுக்கு நம்பரை வாசித்தாரே ஒழிய, ஒரு நாளாவது எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாரா? அக்கா மட்டும் பதறிக்கொண்டு, "தப்பு எம்பட மேலீங்க, இவ படுத்துக் கெடந்தாளுங்க" என்றாள். அப்பா எழுந்து மறுபடி கைகட்டி நின்றுவிட்டார். அவருக்கு என்ன தப்பு என்றே விளங்கவில்லை.

மேடம் சட்டென்று வேலையில் இறங்கினார். "டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

"அம்மனுக்கு எந்த டாக்டருங்க சீட்டு எழுதுவாரு?" என்றார் அப்பா.

மேடம் என் முகத்திலிருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டு எங்களைப் பல்கலைக்கழக மருத்துவரிடம் அழைத்துப்போனார். அவர் தழும்பைப் பார்த்த மாத்திரத்தில் சீட்டு எழுதினார். திரும்பி வந்து மேடம் சாரிடம் வாதாடியதைப் பார்க்க வேண்டுமே! ஏமாற்ற நினைத்தவர் அப்பாவைப் போல வாய்விட்டுச் சொல்வாரா என்று கேட்டார். அக்கா வந்த நாட்களையும் அவள் எழுதிய டெஸ்ட்டையும் அடித்துவிடலாம், என் நாட்களை மருத்துவ விடுப்பாக வைக்கலாம், விட்டுப்போன பாடத்தைச் சனிக்கிழமைகளில் மையத்தில் நடத்தலாம், நான் பரீட்சை எழுதலாம் என்று அடுக்கினார். சார் பெருமூச்சு விட்டு இறங்கிவந்தார். ஒரே ஒரு நிபந்தனை. இனி இந்த வளாகத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அக்கா எழுதித்தர வேண்டும்.

"குடுங்க, எழுதிடறேன்" என்று அக்கா பேனாவுக்குக் கை நீட்டினாள். என் சீட்டைத் தப்ப வைப்பதில் அவளுக்கு அத்தனை அவசரம்.

மேடம் பேனாவைக் கொடுக்கவில்லை. "இரும்மா. நீ பிளஸ் டூ பாஸா?"

"பாஸுங்க. கணக்குல இவளவிட நொம்ப மார்க்குங்க" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"அப்புறம் ஏன் சேர்க்கல?"

"ரெண்டு பேரும் கெளம்பிட்டா பழம் பறிக்க ஆளில்லீங்க. ஒருத்தியத்தான் அனுப்ப முடிஞ்சுதுங்க. அவளும் ஒண்ணுஞ் சொல்லலீங்க."

மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார். "உனக்குப் படிக்க ஆசை இருக்கா?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கன்னமெல்லாம் சிவக்க, "ஆசைங்க. நொம்ப ஆசைங்க" என்றாள்.

அப்பா திகைத்துப்போனார். "இத ஏங் கண்ணு ஊட்டுல சொல்லல?"

"ஊட்டுல ஆரும் கேக்கலீங்கப்பா."

அவள் குறையாகச் சொல்லவில்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வது மாதிரிதான் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, எழுதித்தர ஒன்றும் வேண்டாம், அடுத்த வருஷச் சேர்க்கை தொடங்கும்போது வரட்டும் என்றார். மேடம் கட்டணத்துக்கு என்ன வழி, ஹாஸ்டலுக்கு என்ன வழி என்று மளமளவென்று சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த வருஷம் அக்கா சேர்ந்ததும், இன்றைக்குப் புரியாத கணக்கோடு நான் அவளிடம் போய் நிற்பதும் எனக்குப் பெருமைதான். சீசனில் அப்பாவும் அம்மாவும் திண்டாடுவதும் உண்மைதான்.

அன்றைக்குத் திரும்பும்போது அப்பாவே முதலில் பஸ்ஸில் ஏறி இடம் பிடித்தார். அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில் இருந்தேன். பஸ் மலையேறத் தொடங்கியதும் அவள் பக்கம் திரும்பி, "வேற என்னென்ன ஆசை இருக்குது கண்ணு? சொல்லு" என்றார்.

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். பஸ் மலையேறி முடித்து ஒண்டிக்கடை நிறுத்தத்தில் வந்து நின்றபோதும் அவள் முடித்திருக்கவில்லை.