தம்பி அனுப்பிய கணக்குகள்

பசுவந்தனை பானு பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கியவள். ரிசல்ட் வந்த அதே மாதத்தில், அடுத்தவர் தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் கரண்ட் பாய்ந்து அப்பா கண்ணுசாமி போய்விட்டார். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பாமலே வைத்துவிட்டு, கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூல்மில்லில் சேர்ந்தாள். விடுதியில் தங்கி வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு விடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் போன் கையில் கிடைக்கும்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் நாள் முழுக்கக் காத்திருப்பாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தம்பி செல்வகணேஷ், புரியாத கணக்கைப் படம் எடுத்து அனுப்புவான். எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று கேட்பான். நின்று நின்று மரத்துப்போன காலை நீட்டிக்கொண்டு, முதலில் வேகத்தை மீட்டர் கணக்குக்கு மாற்று என்று ஆரம்பித்து, படிப்படியாக வாய்ஸ் மெசேஜில் சொல்லுவாள். இவளுக்கு யாரோ ஆள் இருக்கிறான், அதுதான் முகம் இப்படித் தெளிகிறது என்று கூட இருந்த பெண்கள் கேலி செய்தார்கள்.

தை பிறந்ததும் அலைகள் பாடம் வந்தது. இழுத்துக் கட்டிய கயிற்றில் அலையின் வேகம் கேட்டு ஒரு கணக்கு.

"ஆட்டுக் கயித்த மரத்துல கட்டி ஒரு உதறு உதறிப் பாருலே. கயிறு அங்கனயேதான் கிடக்கும், உதறல் மட்டும் மரம் வரைக்கும் போவும். இழுவிசைய நாலு மடங்காக்குனாலும் வேகம் ரெண்டு மடங்குதான் ஆவும். வர்க்கமூலம் இருக்குல்லா?" என்று அனுப்பினாள்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மில்லில் எந்திரம் பழுதாகி இரண்டு நாள் லீவு விட்டார்கள். பானு வீட்டுக்குச் சொல்லாமல் பஸ் ஏறினாள். தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பள்ளிக்கூட ஸ்டாப்பிலேயே இறங்கினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். இவளுக்கும் பாடம் எடுத்த இயற்பியல் டீச்சர் சுதாராணி வெளியே வந்தார். செல்வகணேஷைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

"அவன் ஆடி மாசத்தோட நின்னுட்டானேம்மா. ரெண்டு தடவ வீட்டுக்கு ஆள் விட்டேன். உனக்குத் தெரியாதா?"

நேற்றுகூட ஒரு கணக்கு அனுப்பினானே என்றாள் பானு.

வீட்டில் அம்மா பாலம்மாள் வீங்கிய முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு ஆடுகளைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆடுகளோடு சேர்த்து மேய்க்கிறார் என்று அம்மா போனில் சொன்னதெல்லாம் பொய். அம்மாவால் நடக்க முடியாமல் போனதும் மகன்தான் கம்பை எடுத்திருக்கிறான். அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறான்.

பருத்தி எடுத்து முடிந்த காட்டில், ஆடுகளுக்கு நடுவே அவனைக் கண்டாள். அடிக்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் போகாதவனுக்குக் கணக்கு எதற்கு என்று மட்டும் கேட்டாள்.

அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மில்லப் பத்திக் கேட்டா நல்லாருக்கேன்னு சொல்லிட்டு போன வச்சிருத. கணக்கு கேட்டா மட்டுந்தான்க்கா நீ முன்ன மாதிரி பேசுத."

வகுப்பில் எந்தப் பாடம் நடக்கிறது என்று கூட்டாளியிடம் விசாரித்து, அதற்குத் தக்கபடி அனுப்பி வந்திருக்கிறான். அவள் சொன்னதையெல்லாம் மேய்ச்சலில் திரும்பத் திரும்பக் கேட்பானாம். புரிந்ததா என்றாள். பாதி புரிந்தது என்றான். பானு வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் டீச்சரிடம் போனாள். இந்த வருசம் வருகை நாள் போதாது, ஜூனில் மறுபடி பதினொன்றில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். மில்லை விட்டுவிட்டு வந்து ஆட்டை நான் பார்க்கிறேன், நீ படி என்று பானு சொன்னதும் தம்பி கம்பை எடுத்துக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போனான். அவன் பள்ளியில் சேர்ந்ததும் வேலையை விடலாம் என்று அவள் மில்லுக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு கணக்கு வருவது நின்றுபோனது.

பள்ளி திறந்த அன்று லீவு போட்டு வந்து வாசலில் நின்றாள். பத்து மணிக்கு வருகிறேன் என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தான். பத்து தாண்டியது. டீச்சர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார், வேண்டாம் என்றாள். மத்தியானம் போன் அடித்தாள், எடுக்கவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்வரை நின்றாள். நாலரை பஸ் வந்ததும், அவன் இனி படிக்க வரப்போவதில்லை என்று புரிந்து, வீட்டுப் பக்கம் போகாமலே கோவில்பட்டிக்கு ஏறிக்கொண்டாள்.