டேப் அண்ணன் வரையும் வீடு

பக்கத்து வீட்டு அண்ணன் உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே என் வாசல்கதவை அளந்துவிடுவார். இடுப்பிலிருந்த டேப் எப்போது கைக்கு வந்தது, எப்போது திரும்பச் சுருண்டது என்று நமக்குத் தெரியாது. "அகலம் எழுநூத்தி இருபது மில்லி. பெரிய ஃப்ரிட்ஜ்னா சாய்ச்சுத்தான் கொண்டுவரணும் சார்" என்பார். நான் ஃப்ரிட்ஜ் வாங்கப்போவதாக அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

தெரு முழுக்க அவருக்கு டேப் அண்ணன் என்றுதான் பெயர். சமையலறை அலமாரிகள் செய்து பொருத்தும் கம்பெனியில் அளவெடுக்கிறவர். பகலெல்லாம் யார் யார் வீட்டு அடுப்படியிலோ முழங்காலிட்டு, சுவர்களின் கோணல்மாணல்களைத் தாளில் குறித்துக்கொண்டு வருவார். அந்தத் தாளை வைத்துக் கம்ப்யூட்டரில் கலர்ப்படம் செய்து வாடிக்கையாளரை மயக்குவது ஏசி அறையில் இருக்கும் வேறொருவர். "நம்ம தாளை ஒருத்தரும் பாக்கமாட்டாங்க. படத்தைப் பாத்துட்டுத்தான் தலையாட்டுவாங்க" என்று சொல்லும்போது அவர் குரலில் லேசாகப் புகை வரும்.

எனக்கும் அவருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். மெல்லிய சுவர். அவருடைய மனைவி நர்ஸ். கடல் கடந்து வேலைக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. அறையில் தலையணை இரண்டு. ஒன்றில் இவர் தலைவைக்கிறார். மற்றதற்கு ஞாயிறுதோறும் உறையைக் கழற்றித் துவைத்து, காயவைத்து, மறுபடி மாட்டி வைக்கிறார். அழுக்கே படாததை எதற்காகத் துவைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டு வைத்தேன். தூசி சேருமே என்றார். இனிமேல் அதைக் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

இந்த வருடம், வேலை ஒப்பந்தம் முடிகிற மாதத்தின் ஆறாம் தேதிக்குள் அந்த அம்மா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னும் இரண்டு வருடம் அங்கேதான். என்ன செய்யட்டும் என்று அவர் போனில் கேட்கும்போதெல்லாம் இவர், உனக்குத் தோன்றுவதைச் செய் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் என் வீட்டுக்கு வந்து என் மேசையை அளப்பார்.

"வந்துடுன்னு சொல்ல வாய் வரலை சார். இந்த ஒத்தை அறைக்கா வான்னு கூப்பிடுறது?"

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் பேசிப் பேசியே கட்டிய வீடு ஒன்று உண்டாம். ஒரு செங்கல்கூட வைத்ததில்லை. ஆனால் ஜன்னல் எந்தப் பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டி எந்தப் பக்கம் எல்லாம் முடிவாகிவிட்டது. அதைக் கலர்ப்படமாக்கி ஆறாம் தேதிக்கு முன்னால் கண்ணில் காட்டிவிட வேண்டும். வாய் கேட்காததைப் படம் கேட்கட்டும் என்பது திட்டம். மனைவியிடம், வெளி ஆர்டர் எடுத்துச் செய்யப்போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் படம் செய்யும் சாஃப்ட்வேர் சாதாரண கம்ப்யூட்டரில் அசையாது. அதனால் ஒவ்வொரு பாகமாக வாங்கித் தானே சேர்த்தார். படத்தை வேகமாக வரைவதற்கென்றே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும்போது கடைக்காரர் சொன்ன நீளத்தை நம்பாமல் டேப்பை எடுத்திருக்கிறார். கம்ப்யூட்டர் பெட்டியின் உட்பக்கத்தையும் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து, ஒயர் வளைவதற்கு இடம் விட்டு, கல்யாணப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கவனமாகப் பொருத்தினார்.

இத்தனைக்குப் பிறகும் அது ஆமையாகத்தான் இருந்தது. படத்தில் சுவரை ஒரு விரல் நகர்த்தினால் திரை உறைந்துபோகும். ஒரு படம் முழுசாக வருவதற்குள் விடிந்து பொழுது சாய்ந்துவிடும். "வெந்துக்கிட்டிருக்கு சார்" என்பார், உலையில் வைத்ததுபோல. சூடுதான் காரணம் என்று நினைத்துப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே ஃபேனை அதற்கு நேரே வைத்துவிட்டு, தான் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் சத்தத்தில் எனக்கும் தூக்கம் போயிற்று. மூன்று மாதம் இப்படிப் போனது.

மூன்றாம் தேதி காலை வீடியோ காலில் பேசும்போது, மிஷின் படுத்துகிறது என்று போனைத் திருப்பிப் பெட்டியின் பின்பக்கத்தை மனைவிக்குக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மானிட்டரிலிருந்து வருகிற ஒயர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டார். இவர் ஒயரை விரலால் தொடர்ந்து காட்டினார், கார்டு இருக்கும் இடத்தையும் காட்டினார்.

"கார்டு கீழதானே இருக்கு? இது மேல இருக்கிற ஓட்டைக்குல்ல போகுது" என்றார் அந்த அம்மா. "எங்க வார்டுல ஒவ்வொரு டியூபையும் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலை."

ஒரே மாதிரி இரண்டு ஓட்டை. மேலே மிஷினுக்கே உரியது ஒன்று, கார்டில் ஒன்று. மேலே இருந்ததில் மாட்டியிருந்தார். அத்தனை ஆசையாக வாங்கிய கார்டு மூன்று மாதமும் சும்மா உட்கார்ந்து ஃபேன் காற்று வாங்கியிருக்கிறது. அலமாரித் தொழிலில் ஒரு பொருள் இடுக்கில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிட்டால் அது அங்கே இருக்க வேண்டியதுதான் என்று அர்த்தம். "பொருந்துச்சு சார், அதனால சந்தேகமே வரலை" என்று என்னிடம் வந்து சொன்னபோது, சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஒயரை மாற்றியதும் மிஷின் பறந்தது. ஐந்தாம் தேதி காலை படம் தயார். என் இணைய இணைப்பில்தான் அதை அனுப்பினோம் என்பதால் எனக்கும் அந்த அறையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. சமையலறை. தொட்டிக்கு மேல் ஜன்னல், மேடையில் விழும் காலை வெயில். எனக்கே அங்கே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும்போல இருந்தது.

அந்த அம்மா வேலை முடிந்து வந்த சீருடையோடு போனில் இருந்தார். "அழகா இருக்குங்க. யாரு வீடு?"

அண்ணன் பிடரியைச் சொறிந்தார். "ஒரு பார்ட்டியோடது. ஆள் கொஞ்சம் குள்ளம். அதனால மேடையை அஞ்சு சென்டி இறக்கியிருக்கேன்."

அந்த அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து படத்தைப் பார்த்தார். பிறகு, "தொட்டிக்கு மேல ஜன்னல் வேணும்னு அந்தப் பார்ட்டிதான் கேட்டுச்சா?" என்று மெதுவாக வந்தது.

"ஆமா." அண்ணன் இடுப்பு டேப்பை இழுத்து, சுருள விட்டார். "நாளைக்குக் கையெழுத்துப் போடாத. வீடு இல்ல, படம்தான் இருக்கு. இருந்தாலும் வந்துடு."

அந்த அம்மா சீருடைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து போயிருக்க வேண்டும், கால் வரவில்லை.

அண்ணன் போனைக் கொண்டுபோய், படம் தெரிந்த மானிட்டர்மேல் சாய்த்து, அந்த மேடைக்கு முன்னால் மனைவியை நிறுத்தினார். இரண்டடி பின்னால் வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திருப்தியில்லை. ஒரு காகிதத்தை நாலாக மடித்துப் போனுக்கு அடியில் செருகி, மேடைக்குச் சரியாக வரும்வரை மனைவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்.