கிழங்கு சேராத ஒரு சட்டி

சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஏழு தட்டுகளின் மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்ட காலை வேளையை நான் மறக்கவில்லை. மலாயாவில் ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கண்ணில் படாதிருந்த காலம். ஏழு தட்டுகளிலும் இருந்தது மரவள்ளிக்கிழங்குதான். ஆனால் புட்டு உதிரியாக இருந்தது. இடியாப்பம் இழை அறாமல் இருந்தது. தோசையின் ஓரம் முறுகியிருந்தது. முருங்கைக்கீரை அடை, மிளகாய் வைத்து இடித்த வடை, தேங்காய்ப்பாலில் வெந்த கஞ்சி, கருப்பட்டி சேர்த்துக் கிண்டிய களி என்று மற்றவையும் அப்படியே தத்தம் இயல்பில் இருந்தன. அவற்றைச் செய்தவரை எல்லாரும் கடைக்கார அண்ணன் என்றார்கள். ஒவ்வொரு பலகாரத்துக்கும் கிழங்கு மாவை வெவ்வேறு பதத்தில் அரைத்துக் காயவைப்பார் என்பதை அங்கே காத்திருந்த மூன்று நாள்களில் தெரிந்துகொண்டேன்.

"ஏழு பலகாரமுன்னு ஏழு பேரு வச்சிருக்கீங்க, கிழங்கு ஒண்ணுதானே லா?" என்று பெஞ்சில் சாய்ந்திருந்த ஒருவர் சீண்டினார்.

"ஒங்க வீட்டுலயும் ஆத்தா ஒண்ணுதான். அண்ணந்தம்பி எல்லாம் ஒரே மூஞ்சியாவா இருக்கீங்க? தின்னுட்டுப் பேசு."

அவர் தின்றார்; பிறகு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினார்.

போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பின், சென்ற ஆண்டு, நான் இலக்கியம் படிக்கச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது, பினாங்கு விமான நிலையத்தின் காத்திருப்பு அறையில் இரண்டு மணி நேரம் இருந்தேன். முட்டையும் வெள்ளரியும் வைத்த ரொட்டி, மசாலா அடைத்துப் பொரித்த கறிபப், பழக்கேக், இரண்டு வகைத் தேநீர். எதிலும் குறை சொல்ல இடமில்லை. நான் ரசித்தே சாப்பிட்டேன். ஆயினும் வைத்தவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்கார அண்ணனோ, தட்டு காலியானவரைவிடத் தட்டைத் தொடாதவரையே அதிகம் கவனித்தார். அப்படி அவர் கண்ணில் பட்டவர் என் அம்மா.

செமிலிங்கில் பெரியம்மா வீட்டில் தங்கை பிறந்து இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அலோர் ஸ்டாரில் வேலையிலிருந்த அப்பாவிடம் போக நாங்கள் கிளம்பியிருந்தோம். ராணுவ வண்டிகள் மட்டுமே ஓடின; எங்கள் வண்டி வரவில்லை. கொண்டுவந்த கஞ்சி முதல் நாளே தீர்ந்துவிட்டது. அதன்பிறகு அம்மா வெறும் சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பால் வற்றிவிட்டது. தங்கை முதலில் வீறிட்டாள். மதியத்துக்குள் அவள் அழுகை ஒரு முனகலாகச் சுருங்கியது. அந்த முனகல்தான் என்னை அச்சுறுத்தியது.

கடைக்கார அண்ணன் இடியாப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"பச்ச ஒடம்புண்ணே. கிழங்கு தின்னா பிள்ளைக்கு மாந்தம் வரும்."

"ஊரே கிழங்குதாம்மா திங்குது."

"போன பிள்ளைய மாந்தத்துலதாண்ணே குடுத்தேன்."

எனக்கு அடுத்துப் பிறந்து, பால் செரிக்காமல் இறந்துபோன தம்பியைப் பற்றி அம்மா அந்நியர் ஒருவரிடம் பேசியதை அன்றுதான் கேட்டேன். அந்த நம்பிக்கை சரியா தவறா என்று இன்று விவாதிக்கலாம். கடைக்கார அண்ணன் விவாதிக்கவில்லை. தட்டைத் திருப்பி எடுத்துப்போனார். தன் ஏழு பலகாரங்களிலும் அம்மா தின்னக்கூடியது ஒன்றுமில்லை என்பது அவரைத் தைத்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு காலிச் சட்டியைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்து, துணியால் மூடினார். அரிசியை ஒளித்துக் கொண்டுபோகிறவர்கள் பிடிபட்டால் அடி விழும். ஆனாலும் அங்கிருந்த மூட்டைகளில் பாதி வெறும் துணிமூட்டைகள் அல்ல என்று எல்லாருக்கும் தெரியும்.

"பச்ச ஒடம்புக்காரிக்குப் பத்தியச் சோறு வேணும். நான் செவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். யாரு என்ன போட்டீங்கன்னு எனக்குத் தெரிய வேணாம்."

சொன்னபடியே திரும்பி நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லாரும் தண்டவாளத்தையே பார்த்தார்கள். துணி சரசரத்தது, மீண்டும் சரசரத்தது. அவர் திரும்பி வந்து துணியை விலக்கியபோது, சட்டியில் இரண்டு கைப்பிடி அரிசி, நான்கு பூண்டு, காகிதத்தில் மடித்த மிளகு, ஒரு துண்டு பால்சுறாக் கருவாடு. அவர் கருவாட்டைச் சுடுநீரில் கழுவி, ஆய்ந்து, உதிர்த்து, பூண்டோடு வதக்கத் தொடங்கினார். தாய்ப்பால் ஊற எங்கள் வீடுகளில் செய்யும் சுறாப்புட்டு அது.

ஆனால் பூண்டு வாசனையை மூட எந்தத் துணியும் போதாது. சோறு வெந்து இறங்கிய நேரத்தில் மேடையில் நின்ற ஜப்பானியச் சிப்பாய் உள்ளே வந்தான். சட்டியைக் காலணியால் சுட்டி, "சியாப்பா பூஞ்ஞா?" என்று அதட்டினான். யாருடையது என்று அவன் மலாயில் கேட்டது எல்லாருக்கும் புரிந்தது. மூட்டைகளின்மேல் இருந்த கைகள் அசையவில்லை.

"சாயா பூஞ்ஞா," என்றார் கடைக்கார அண்ணன். என்னுடையது.

அவர் கன்னத்தில் அறை விழுந்தது. வெளியே வெயிலில் முட்டிபோடச் சொல்லி அவன் கையைக் காட்டினான். அவர் உடனே போகவில்லை. இலையில் சோற்றைப் போட்டு, மேலே சுறாப்புட்டை வைத்து, அம்மாவின் முன் தள்ளிவிட்டு, "சூட்டோட சாப்புடு தங்கச்சி," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சிப்பாய் சட்டியை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடந்தான்.

அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டார். பிறகு சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து தங்கையை மார்போடு அணைத்தார். கூடத்தில் யாரும் இருமக்கூட இல்லை. வெகுநேரம் முனகல் தொடர்ந்தது. விட்டுவிட்டு நின்றது. கடைசியில், சிறிதாக, தங்கை விழுங்கும் ஓசை கேட்டது. சீண்டிப் பேசிய அந்த மனிதர் தன் மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வெளியே முட்டிபோட்டிருந்தவரின் சட்டை நனைந்திருந்தது. சிப்பாய் மேடையின் மறுகோடிக்கு நடந்ததும், அவர் தலையைத் திருப்பாமலே சன்னல் வழியாகக் கேட்டார்.

"உப்பு கொறையா இருந்துச்சா, தங்கச்சி?"

மற்ற ஆண்களிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத என் அம்மா, சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இன்னுங் கொஞ்சம் இருக்குமாண்ணே?"

வீங்கிய கன்னத்தோடு அவர் சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"சட்டியில இருக்கு. பாப்பா, எந்திரிச்சு அம்மாவுக்கு எடுத்து வையி."