மேலாளர் அனுப்பிய ‘நோட்டட்’

அந்தப் பதில் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு வந்ததாக என் நாட்குறிப்பில் இருக்கிறது. ஒரே சொல்: ‘நோட்டட்’. ஹைதராபாத் கச்சிபௌலியில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் அது. மனைவிக்கு ஏழாம் மாதம். மறுவாரம் வெள்ளிக்கிழமை கும்பகோணத்தில் அவள் பிறந்த வீட்டில் வளைகாப்பு. அதன்பின் பிரசவம்வரை அங்கேயே தங்கிவிடுவாள். வியாழன், வெள்ளி இரண்டு நாள் விடுப்பு எடுக்க விரும்புகிறேன் என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

விடுப்பு கிடைத்துவிட்டதா, இல்லையா? அகராதியைப் புரட்டினேன். ‘கவனிக்கப்பட்டது’, ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்றிருந்தது. ‘புகழ்பெற்ற’ என்றும் ஒரு பொருள் இருந்தது. மூன்றும் உதவவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் என்னைவிட மூத்தவர், செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழர். தமிழோடு ஹைதராபாத் உருதுவைக் கலந்துதான் பேசுவார்: ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம், ‘ஹவ்’ என்றால் ஆமாம். அவரிடம் காட்டினேன்.

“கைக்கு டென்ஷன் தம்பி? நோட்டட்னா ஓகேதான்.”

“அப்ப ஓகேன்னே எழுதியிருக்கலாமே அண்ணா? போய்க் கேட்டுடவா?”

“நக்கோ நக்கோ! போய்க் கேட்டா, இல்லைன்னு சொல்ல நீயே இடம் குடுத்த மாதிரி ஆயிடும். இங்க யாரும் திருப்பிக் கேக்கறதில்லை.”

உண்மைதான். எங்கள் அலுவலகத்தில் புரியாத பதில் வந்தால் புரிந்ததுபோல் இருந்துவிடுவோம். ஆனால் எனக்கு அது முடியவில்லை. மேலாளரின் பழைய அஞ்சல்களில் அந்தச் சொல் வந்த இடங்களையெல்லாம் தேடி, என்ன நடந்தது என்று எதிரே எழுதினேன். சர்வர் நின்றுபோனதைச் சொன்னதற்கு நோட்டட், அன்றே சரிசெய்தார்கள். ஒருவர் வேறு குழுவுக்கு மாற்றல் கேட்டதற்கு நோட்டட். அவர் இன்னும் எங்கள் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். கேண்டீன் சாம்பார் இனிக்கிறது என்று யாரோ எழுதியதற்கும் நோட்டட். சாம்பார் தொடர்ந்து இனித்தது. எழுத எழுதக் குழப்பம்தான் கூடியது.

மாரெட்பள்ளி வீட்டில் மனைவி தினமும் கேட்டாள்.

“லீவு கிடைச்சுதா?”

“பார்க்கிறேன்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“பதில் வந்திருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்.”

அவளை அழைத்துப் போக வந்திருந்த மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “நேரே போய்க் கேட்டா என்ன மாப்பிள்ளை? கடிச்சா தின்னுடுவார்?”

கேட்டேன். ஆனால் அடுத்த வாரம் புதன்கிழமை மதியம்தான். மாலையில் ரயில், மூவருக்கும் முன்பே டிக்கெட் எடுத்திருந்தேன். மேலாளர் தெலுங்குக்காரர், எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். என்னை வியப்போடு பார்த்தார். உங்கள் அஞ்சலைப் படித்துவிட்டேன் என்பதுதான் அதற்குப் பொருள் என்றார். போவதென்று முடிவுசெய்ததும் நீங்கள் அலுவலகத் தளத்தின் விடுப்புப் பக்கத்தில் பதிவு செய்வீர்கள், நான் ஒப்புதல் தருவேன் என்று காத்திருந்தேன். ஒன்பது நாளாகப் பதிவே வரவில்லை, மனம் மாறிவிட்டீர்கள் என்று நினைத்து வெள்ளிக்கிழமை வேலையை உங்களுக்கே ஒதுக்கிவிட்டேன் என்றார். அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார், நான் அவருக்காக. ஏன் முன்பே கேட்கவில்லை என்றார். விடுப்பை அங்கேயே பதிவு செய்தேன், வெள்ளிக்கிழமை வேலைக்கு ஆள் பிடித்துவிட்டுப் போகச் சொல்லி ஒப்புதல் தந்தார்.

வெள்ளிக்கிழமை வேலையைப் பக்கத்து இருக்கைக்காரர் ஏற்றுக்கொண்டார். “ஹவ், நான் பாத்துக்கறேன். உனக்காக இல்லை, அந்தப் பொண்ணுக்காக. ஓடு.”

வீட்டுக்கு வந்து லீவு கிடைத்துவிட்டது என்றேன். மனைவி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உங்க டிக்கெட்டை நேத்தே கேன்சல் பண்ணியாச்சு.”

“ஏன்? நான் வரலைன்னு சொல்லவே இல்லையே!”

“பத்து நாளா பார்க்கிறேன் பார்க்கிறேன்னா வேற என்ன அர்த்தமாம்? எங்க அப்பா பார்க்கிறேன்னு சொன்னா வரமாட்டார்னுதான் அர்த்தம்.”

என் அப்பா பார்க்கிறேன் என்று சொன்னால் அந்தக் காரியம் முடிந்த மாதிரி. இதை அவளிடம் சொல்லவில்லை. ஒன்பது நாள்தான் என்றும் திருத்தவில்லை. யார் சொன்னது சரி என்று எனக்கே தெரியவில்லை.

செகந்திராபாத்தில் முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்து, அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் நெரிசலில் ஒற்றைக்காலில் நின்றேன். வண்டி முதலில் நின்ற ஸ்டேஷனில் இறங்கி, அவள் ஜன்னலைத் தேடிப் பெட்டி பெட்டியாக ஓடினேன்.

“உக்கார இடம் கிடைச்சுதா?” என்றாள்.

“இல்லை. நின்னுக்கிட்டே வர்றேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் தணிந்துவிட்டதா இல்லையா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. மாமியார் ஜன்னல் கம்பிக்கிடையே தயிர்சாதப் பொட்டலத்தை நீட்டினார்.

“நாளைக்கு எங்க அப்பா கேட்டா, டிக்கெட்டை நீங்களே கேன்சல் பண்ணிட்டதா சொல்லிடுங்க, நான்தான்னு தெரிஞ்சா திட்டுவார்,” என்றாள் மனைவி. “ஓடுங்க, வண்டி எடுத்துட்டான்.”

சரி என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஓடினேன்.