நேர்கோட்டுக்குக் கைதட்டிய நாள்

சுயம்பு அண்ணன் தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்று அவருடைய தங்கை போனில் சொன்னபோது, கிழக்கேகோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஆபீசுக்குப் போனதும் இதை முதலில் அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய சாயாச் சீர்திருத்தம் மறந்திருக்காது. கடையிலிருந்து வரும் ஒவ்வொரு டீ கிளாஸையும் எங்கள் மேனேஜர் தன் கையால் வாங்கி, மேசை மேசையாகக் கொண்டுபோய் வைப்பார். அதுவரை அவருடைய சொந்த வேலை அப்படியே நிற்கும். அண்ணன் கடைக்காரரிடம் சொன்னார்: "நேரே மேசையில வச்சிரும் ஓய். எல்லாம் முடிஞ்ச பெறவு சாருக்கு ஒரு சத்தம் குடுத்தா போரும்."

நாங்கள் செய்துகொண்டிருந்த இதயத்துடிப்புக் கருவிக்கும் இதே நோய். நெஞ்சில் ஒட்டிய வயர்களிலிருந்து வரும் ஒவ்வோர் அளவையும் பிராசஸரே வாங்கி மெமரியில் வைத்தது. அது திரையில் வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் வந்தவை தவறிப்போயின. அலை துண்டு துண்டாகத் தெரிந்தது. "அதுக்கு வேற சோலி இல்லியா, மக்ளே?" என்றார் அண்ணன். பிராசஸரைத் தொடாமல் அளவுகள் நேரே மெமரிக்குப் போகும்படி டி.எம்.ஏ. என்ற தனிவழியை அமைத்தார். மெமரி நிறைந்ததும் பிராசஸருக்கு ஒரு சத்தம். அலை வழுக்கிக்கொண்டு ஓடியது.

கருவியைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்தார். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஆபீசை மூட வேண்டியதுதான். அண்ணன் தன் நெஞ்சிலேயே வயரை ஒட்டிக் காட்டினார். டாக்டரம்மாவுக்குத் திருப்தி. அந்தச் சந்தோஷத்தில் அண்ணன் வயரைக் கழற்றிவிட்டு சாயா எடுக்கப் போனார். திரையில் துடிப்பு நிற்கவில்லை.

"சுயம்பு, நிங்க இங்க நிக்கறீங்க. அங்க துடிக்கறது யாராக்கும்?" என்றார் மேனேஜர்.

மெமரியில் புதிதாக வந்ததைப் பார்க்காமல், தன் பக்கத்தில் 'கேஷ்' என்ற சின்ன நினைவகத்தில் எடுத்துவைத்திருந்த பழைய நகலையே பிராசஸர் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறது. சோதனைகள் எல்லாம் அண்ணனின் நெஞ்சில்தான் நடந்தன. நல்ல இதயம், ஒரு துடிப்பு அடுத்ததைப் போலவே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"ஆளு செத்தாலும் இது சொல்லாதே!" டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டார்.

"டாக்டரே, ஒரு சாயா குடியுங்க. அது தீருமுன்ன நான் செத்துக் காட்டுதேன்."

சத்தம் வந்ததும் பழைய நகலைத் தூக்கிப்போட்டுவிட்டு மெமரியைப் படி என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். வயரை ஒட்டினார்; துடித்தது. கழற்றினார், நேர்கோடு. மேனேஜர் உட்பட எல்லோரும் கைதட்டினோம். செத்தவர் எழுந்து நின்று கும்பிட்டார். டாக்டரம்மா சிரித்தபடி பையைக் கீழே வைத்தார்.

இப்போது எந்தக் கருவியையும் முதலில் வயரைக் கழற்றித்தான் சோதிக்கிறேன். அது அவர் தந்தது. சாயாக் கடைக்காரர் இன்னும் பழக்கத்தில் அவருடைய மேசையிலும் ஒரு கிளாஸ் வைத்துவிட்டுச் சத்தம் கொடுக்கிறார். நானும் திரும்பி, நாற்காலியில் அவரைப் பார்க்கிறேன். பழைய நகல்தான். அதைத் தூக்கிப்போடும் வரி எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை.